தோற்றபின் அரை மணி நேரம்





பள்ளி விளையாட்டுப் போட்டிகளைப் பற்றிப் போன இதழில் ஒரு சிறு குறிப்பு போட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் ஒன்று கரூர்ப் பக்கத்திலிருந்து, ஒரு தாய் எழுதியது. மகளுக்குப் பத்து வயது. சதுரங்கம் ஆடுகிறாள். மாவட்டப் போட்டியில் கடைசிச் சுற்றுவரை முன்னணியில் இருந்தவள், கடைசி ஆட்டத்தில் கைக்கு வந்த வெற்றியைத் தவறவிட்டுவிட்டு, எதிராளிக்குக் கை கொடுத்த கையோடு மேசையில் கவிழ்ந்து அழுதிருக்கிறாள். பயிற்சியாளர் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, “பாப்பாவுக்கு டேலன்ட் இருக்குங்க. டெம்பரமென்ட்தான் இல்லை” என்றாராம். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பணம் கட்டி இணையத்தில் எழுதுகிற ஆளுமைத் தேர்வு ஒன்று இருக்கிறது, அதை எழுதிப் பார்த்தால் பிள்ளை மாவட்டத்தோடு நிற்குமா, மாநிலம், தேசம் என்று போகுமா என்பது தெரிந்துவிடும் என்றும் சொல்லியிருக்கிறார். “கட்டலாமா ஐயா?” என்று கேட்கிறார் அந்த அம்மா.

கட்ட வேண்டாம் அம்மா. பதில் அவ்வளவுதான். ஆனால் இதே கேள்வி நீச்சல் குளத்தின் ஓரத்திலும், கபடி மைதானத்திலும், பேட்மின்டன் அகாடமி வாசலிலும் நிற்கிற எத்தனையோ பெற்றோருக்கு உள்ளுக்குள் ஓடுகிறது என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். இந்த மாதம் பக்கம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் சதுரங்கப் போட்டி நடக்கிற இடத்தைப் பார்த்திராதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஏதாவது ஒரு கல்லூரி அரங்கம், இல்லாவிட்டால் கல்யாண மண்டபம். யாருக்கு யார் எதிராளி என்கிற பேரிங் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும். அது ஒட்டப்படுவதற்கு முன்பே செல்பேசியில் வந்திருக்கும். சுற்று தொடங்கியதும் பெற்றோரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாத பிள்ளைகள். பலகையின் மறுகோடியில் இருக்கிற யானையை நகர்த்த முட்டிபோட்டு எழுந்து எட்டுகிற பிள்ளைகள். ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுத வேண்டும் என்பதால் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதுவார்கள். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றாலும் கை தூக்கி ஆர்பிட்டர் என்கிற நடுவரைக் கூப்பிட வேண்டும். வெளியே, தயிர்சாதத் தூக்கோடு, மடித்துப் போட்ட போர்வைமேல் அம்மாக்கள். அப்பாக்கள் ரேட்டிங் பற்றிப் பேசிக்கொண்டு உலாத்துவார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் பேச்சு நின்று, எல்லாக் கண்களும் வெளியே வருகிற முகத்துக்குப் போகும். ஜெயித்த பிள்ளை ஓடி வரும். தோற்ற பிள்ளை வாசலிலேயே குனிந்து, ஏற்கெனவே சரியாகக் கட்டியிருக்கிற ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டும்.

அப்போது பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்வி, “என்ன ஆச்சு?” இரண்டாவது, “எந்த மூவ்ல விட்டே?” அதற்கு அடுத்து வருகிற பேச்சில்தான் பிள்ளையின் குணத்துக்குப் பெயர் வைக்கும் சடங்கு நடக்கிறது. பயந்தாங்கொள்ளி, அவசரக்குடுக்கை, அழுமூஞ்சி, பிரஷர் தாங்காதவன். ஒன்பது வயதில் வைத்த பெயர் பத்தொன்பது வரை கூட வரும்.

ஆட்டக்காரரின் மனத்தை அளந்து பார்க்கும் ஆசை நேற்று வந்ததல்ல. 1925இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கோல்மன் கிரிஃபித் என்பவர் விளையாட்டு உளவியலுக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். 1938இல் சிகாகோ கப்ஸ் என்ற பேஸ்பால் அணியின் முதலாளி அவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். அணியின் மேலாளருக்கு அவரைக் கண்டாலே ஆகவில்லை. ஒத்துழைப்புக் கிடைக்காமல் அந்த முயற்சி வந்த வழியே போய்விட்டது.

கதை சூடு பிடித்தது அறுபதுகளில். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் புரூஸ் ஓகில்வி, தாமஸ் டட்கோ என்ற இரண்டு உளவியலாளர்கள் விளையாட்டு வீரர்களுக்கென்று ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். 190 கேள்விகள். முனைப்பு, தன்னம்பிக்கை, மன உறுதி, உணர்ச்சிக் கட்டுப்பாடு, சொன்னால் கேட்டுக்கொள்ளும் பக்குவம் என்று 11 குணங்களுக்கு மதிப்பெண். அமெரிக்காவின் பெரிய அணிகள் பல அதைப் பயன்படுத்தின. ஆளை எடுக்கலாமா, விடலாமா என்று ஒரு தாளைப் பார்த்துத் தீர்மானிக்க முடிகிறதென்றால் எந்த அணி வேண்டாமென்று சொல்லும்? ஜாதகக் கட்டம் பார்த்துப் பெண் கொடுப்பதில் இருக்கிற நிம்மதி அதிலும் இருந்திருக்கும். ஆனால் அந்த மதிப்பெண்கள் எதிர்கால ஆட்டத்தை உண்மையிலேயே முன்கூட்டிச் சொல்கின்றனவா என்று மற்ற ஆய்வாளர்கள் கேட்கத் தொடங்கியபோது, திருப்தியான பதில் வரவில்லை.

அந்த இருவரே 1971இல் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. குணத்தை வளர்க்க வேண்டுமா, விளையாட்டை விட்டு வேறு எதையாவது முயன்று பாருங்கள் என்பதுதான் அதன் தலைப்பின் சாரம். விளையாட்டு மன உறுதியைக் கற்றுக்கொடுக்கிறது என்ற நம்பிக்கைக்குத் தங்களிடம் ஆதாரம் இல்லை என்றார்கள். மேல்மட்டத்தில் ஆடுகிறவர்களிடம் அந்த உறுதி தெரிவது உண்மைதான். ஆனால் அது விளையாட்டு ஊட்டியதல்ல. ஒவ்வொரு படியிலும் ஈவிரக்கமில்லாமல் ஆட்களைக் கழித்துக்கட்டியதில் எஞ்சியவர்களிடம் அது ஏற்கெனவே இருந்தது என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தை அப்படியே நான் ஏற்கவில்லை. குணம் மாறாது என்று எடுத்துக்கொள்ள அதில் இடம் இருக்கிறது; அது தவறு என்று பின்னால் சொல்கிறேன். ஆனால் அதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. மாநில அணியில் இருக்கிற 20 பேரின் குணத்தை அளந்து, ‘வெற்றியாளரின் குணம் இது’ என்று எழுதினால், அதே குணத்தோடு வந்து பாதியில் போய்விட்ட 200 பேர் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

பின்னர் வில்லியம் மோர்கன் என்ற ஆய்வாளர், குணத்தை விட்டு மனநிலையை அளந்தார். வெற்றிகரமான வீரர்களிடம் பதற்றம், சோர்வு, கோபம், குழப்பம், மனவாட்டம் எல்லாம் சராசரிக்குக் கீழே. உற்சாகம் மட்டும் மேலே. வரைபடத்தில் போட்டால் நீருக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் பனிப்பாறை மாதிரி தெரிந்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. எத்தனையோ பாடப்புத்தகங்களில் அந்தப் படம் உண்டு. 1995இல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். ஆட்டத் திறனில் ஒருவருக்கொருவர் இருக்கும் வேறுபாட்டில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அந்த மனநிலைப் படம் விளக்கியது. மீதி 99 பங்குக்கும் மேல் வேறு எங்கோ இருக்கிறது.

இன்று உளவியலில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது ஐந்து பெரும் குணங்களை: புதியதை நாடுதல், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், எளிதில் கலங்கும் போக்கு. உயர்மட்ட வீரர்களிடம் பொறுப்புணர்வு கொஞ்சம் கூடுதலாகவும், கலங்கும் போக்கு கொஞ்சம் குறைவாகவும் இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ‘கொஞ்சம்’ என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். கூட்டமாக எடுத்துச் சராசரி பார்க்கும்போது தெரிகிற வித்தியாசம் அது. உங்கள் வீட்டுப் பிள்ளை ஒற்றை ஆள். அவள் சராசரி அல்ல.

நம் கடிதத்துக்கு நேரடியாகப் பொருந்துகிற ஆய்வு ஒன்று உண்டு. மெரிம் பிலாலிச், பீட்டர் மெக்லியட், ஃபெர்னான்ட் கோபே ஆகிய மூவர் 2007இல் வெளியிட்டது. சதுரங்கம் ஆடும் 219 குழந்தைகள், ஆடாத 50 குழந்தைகள். இரு தரப்பாரின் ஐந்து குணங்களையும் அளந்தார்கள். சதுரங்கம் என்றாலே மூலையில் ஒதுங்கி உட்காரும் பிள்ளைக்கானது என்றுதானே நினைக்கிறோம்? அங்கே கிடைத்தது நேர்மாறு. கலகலப்பும் துறுதுறுப்பும் கூடிய பிள்ளைகளே சதுரங்கத்தின் பக்கம் அதிகம் வந்திருந்தார்கள். அறிவார்வம் கூடியவர்களும் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் விட்டுக்கொடுத்துப் போகிற, இணக்கமான பிள்ளைகள்தான் குறைவாக வந்திருந்தார்கள். பலகைக்கு எதிரே இருக்கிறவரை வீழ்த்தியாக வேண்டிய ஆட்டமல்லவா!

அதைவிட முக்கியமானது அடுத்த கண்டுபிடிப்பு. பிள்ளைகள் எந்த அளவுக்கு ஆடுகிறோம் என்று தாங்களே சொன்ன திறமைக்கும் இந்த ஐந்து குணங்களில் எதற்கும் தொடர்பு தெரியவில்லை. மிகச் சிறந்த 25 பேரை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது, அவர்களிடம் அறிவார்வம் கூடுதலாக இருந்தது. அவ்வளவே. கலங்காத குணம் அந்தப் பட்டியலில் இல்லை. இதே மூவர் அதே ஆண்டில் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், உச்சத்தில் இருந்த சிறுவர்களிடையே நுண்ணறிவு கூடியவர்கள் பயிற்சியைக் குறைவாகச் செய்திருந்தார்கள் என்பதும் தெரிந்தது. பிள்ளை ரொம்ப கெட்டிக்காரன் என்று பெருமைப்படுகிற வீடுகளில் இதை மெல்லிய குரலில் வாசித்துக் காட்டலாம்.

ஆய்வை விடுங்கள். சென்னையை எடுத்துக்கொள்வோம். 1972இல் சதுரங்க வீரர் மானுவல் ஆரோன் சோவியத் கலாசார மையத்தில் டால் சதுரங்கக் கழகத்தைத் தொடங்கியதிலிருந்து இந்த நகரம் எத்தனையோ பிள்ளைகளைப் பெரிய ஆட்டக்காரர்களாக்கியிருக்கிறது. அவர்களுக்குள் ஒரே வார்ப்பாகக் குணம் இருக்கிறதா?

விஸ்வநாதன் ஆனந்த் சிறு வயதில் ஆடிய வேகம் பிரசித்தம். எதிராளி மணிக்கணக்காக யோசிக்க, இவர் சில நிமிடங்களில் காயை நகர்த்திவிட்டு எழுந்து மற்ற மேசைகளை வேடிக்கை பார்க்கப் போய்விடுவார். 1983இல் தேசிய சப்-ஜூனியர் போட்டியில் 9 ஆட்டத்துக்கு 9 புள்ளி. இன்று அப்படி ஒரு பையன் ஆடினால் நம் பயிற்சியாளர்களில் பாதிப் பேர் ‘பொறுமை இல்லை’ என்று எழுதித் தள்ளியிருப்பார்கள். குகேஷ் அதற்கு எதிர்க்கோடி. யோசித்து யோசித்துக் கடிகாரத்தில் கடைசி நிமிடங்கள்வரை போகிறவர். 11 வயதில் ஒரு காணொளியில், உலகின் இளைய சாம்பியன் ஆக வேண்டும் என்று கூச்சமே இல்லாமல் சொன்னார். பிரக்ஞானந்தா வேறு தினுசு. நெற்றியில் விபூதி, ஜெயித்தாலும் தோற்றாலும் ஏறக்குறைய ஒரே முகம். 2022 மே மாதம் இணையவழிப் போட்டி ஒன்றின் அரையிறுதியில் நெதர்லாந்தின் அனிஷ் கிரியை வென்றபோது இங்கே நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. விடிந்தால் பதினொன்றாம் வகுப்புத் தேர்வு, காலையிலேயே பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். அதுதான் அவருடைய அப்போதைய கவலை. அவருடைய அக்கா வைஷாலி, தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைப்பதற்காகச் சதுரங்க வகுப்பில் சேர்க்கப்பட்டவர். தம்பி அக்காவைப் பார்த்துத் தொற்றிக்கொண்டவர். ஒரே வீடு, ஒரே பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ், அதே அம்மா சமைத்த அதே சாதம். இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள். குணத்தில் இருவரையும் ஒன்றென்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வைஷாலியைப் பற்றி இன்னும் ஒன்று. 2025 ஆகஸ்டில் சொந்த ஊரான சென்னையில் நடந்த கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியின் சேலஞ்சர்ஸ் பிரிவில் ஆட்டத்துக்கு ஆட்டம் வரிசையாகத் தோற்றார். அந்த வாரம் அவரை எந்த ஆளுமைத் தாளில் எடை போட்டிருந்தாலும் என்ன மதிப்பெண் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த மாதமே சமர்கந்தில் நடந்த பெண்கள் கிராண்ட் ஸ்விஸ் போட்டியில் முதலிடம். 2023இல் வென்ற அதே பட்டம், இரண்டாவது முறையாக.

அழுகைக்கு வருவோம், கடிதத்தின் மையம் அதுதானே. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகச் சாம்பியன் பட்டத்துக்கான 14ஆவது ஆட்டம். அந்தத் தொடரில் குகேஷ் முதல் ஆட்டத்திலேயே, அதுவும் வெள்ளைக் காய்களோடு, தோற்றிருந்தார். 11ஆவது ஆட்டத்தை வென்று முன்னுக்கு வந்த மறு ஆட்டத்திலேயே மறுபடி தோற்றார். கடைசி ஆட்டத்தில் எதிராளியான டிங் லிரன் தம் 55ஆவது நகர்வில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் அதைப் பார்த்துத் திகைத்து, சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போய், வந்து உட்கார்ந்து முடித்தார். 7.5க்கு 6.5. 18 வயது. எதிராளி எழுந்து போனபின் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார், உலகமே பார்க்க. அழுதுகொண்டே பலகையில் காய்களை ஒவ்வொன்றாக அவற்றின் தொடக்கக் கட்டங்களில் அடுக்கிவைத்தார். மேசையில் அழுகிறவருக்கு டெம்பரமென்ட் இல்லை என்றால் இவரை எங்கே வைப்பது?

அடுத்த ஆண்டு ஜூன் 1 அன்று நார்வேயில் இதே குகேஷிடம் தோற்ற மாக்னஸ் கார்ல்சன் மேசையை ஓங்கிக் குத்தியதில் காய்கள் துள்ளி விழுந்தன. முப்பது வயது தாண்டியவர், ஐந்து முறை உலகப் பட்டம் பெற்றவர், தரவரிசையில் முதல்வர். குத்தியதை நான் நியாயப்படுத்தவில்லை; அவரே உடனே மன்னிப்பும் கேட்டுவிட்டார். ஆனால் நம் பக்கத்தில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் அதைச் செய்திருந்தால் அவன் கோப்பில் என்ன எழுதியிருப்போம்?

குகேஷிடம் எனக்குப் பெரிதாகத் தெரிவது அழுததும் அல்ல, அழாததும் அல்ல; தோற்றபின் அவர் செய்ததுதான். 2022இல் மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாடில் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்று நாட்டையே நிமிர்ந்து பார்க்க வைத்தவர், பத்தாவது சுற்றில் வெல்ல வேண்டிய நிலையிலிருந்து உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் தோற்றார்; அணியின் தங்கக் கனவும் அதோடு கலைந்தது. 2024 ஏப்ரலில் உலகச் சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் டொரன்டோ கேண்டிடேட்ஸ் போட்டியில் ஏழாவது சுற்றில் ஃபிரூஜாவிடம் இன்னொரு வலிக்கிற தோல்வி. மறுநாள் ஓய்வு நாள். இந்தப் போட்டியை வெல்லப்போகிறோம் என்ற நம்பிக்கை தமக்கு உறுதியாக வந்தது அந்தத் தோல்விக்குப் பிறகுதான் என்று பின்னர் சொன்னார். வென்றும் விட்டார். 2022க்கும் 2024க்கும் இடையில் பையனின் ‘குணம்’ மாறிவிட்டதா? தோல்விக்குப் பிறகு செய்ய வேண்டியதைக் கற்றுக்கொண்டார் என்பதே என் கணிப்பு. சிங்கப்பூர்ப் போட்டிக்குத் தயாராக, 2011இல் உலகக் கோப்பை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடு இருந்த மனப் பயிற்சியாளர் பேடி அப்டனின் துணையும் அவருக்கு இருந்தது. கற்றுக்கொடுக்கக்கூடிய ஒன்றாக இருப்பதால்தானே அதற்கு ஆள் வைக்கிறார்கள்.

மாறும் என்பதற்குச் சதுரங்கத்துக்கு வெளியேயும் சாட்சி உண்டு. பனிக்கட்டி மனிதர் என்று உலகம் கொண்டாடிய டென்னிஸ் வீரர் பியோர்ன் போர்க், 12 வயதில் ராக்கெட்டை வீசியெறிந்து வாய்க்கு வந்ததைப் பேசியதற்காகச் சொந்தக் கிளப்பால் மாதக்கணக்கில் விலக்கி வைக்கப்பட்டவர். ரோஜர் ஃபெடரர் பதின்ம வயதில் பயிற்சி மையத்தில் புதிதாய்த் தொங்கவிட்ட திரைச்சீலையை ராக்கெட்டால் கிழித்து, தண்டனையாக ஒரு வாரம் விடிகாலையில் எழுந்து கழுவித் துடைக்கும் வேலை செய்தார். பிறகு உளவியலாளர் ஒருவரின் உதவியையும் நாடினார். இருவரும் பதினைந்து வயதில் ஆளுமைத் தேர்வு எழுதித் தேறியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் குணத்துக்கு ஆட்டத்தில் பங்கே இல்லையா என்றால், உண்டு. ஹங்கேரியின் போல்கார் சகோதரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பிறவி மேதை என்று யாரும் இல்லை, உருவாக்கலாம் என்று நம்பிய தந்தை, மூன்று பெண்களையும் வீட்டிலேயே வைத்துச் சதுரங்கம் கற்பித்தார். ஒரே கூரை, ஒரே பாடம். மூத்தவர் சூசன் 1996இல் பெண்கள் உலகச் சாம்பியன். நடுவில் சோஃபியா 14 வயதில், 1989இல், ரோம் நகரில் வலுவான கிராண்ட்மாஸ்டர்களுக்கு எதிராக 9 ஆட்டங்களில் எட்டரைப் புள்ளி எடுத்துச் சதுரங்க உலகத்தைத் திகைக்க வைத்தவர். கடைக்குட்டி ஜூடித் ஆண்களும் பெண்களும் சேர்ந்த உலகத் தரவரிசையில் எட்டாவது இடம்வரை போனார். ஜூடித் தொடக்கத்தில் மெதுவாகத்தான் வந்தாள், ஆனால் அசுர உழைப்பு என்று சூசன் பின்னாளில் சொன்னார். அவளைப் போல நான் ஒருநாளும் உழைத்ததில்லை என்று சோஃபியாவே ஒப்புக்கொண்டார். ஓவியத்தின் பக்கம் திரும்பி, அவர் நன்றாகத்தான் வாழ்கிறார். உழைக்கப் பிடிக்கும் குணம் மட்டத்தை உயர்த்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் மூவரில் யாரிடம் அது இருக்கிறது என்று ஏழு வயதில் சொல்லியிருக்க முடியுமா? மெதுவாக வந்தவளைத்தானே முதலில் கழித்திருப்போம்.

இன்னொரு சங்கதியைப் பெற்றோர் கவனிப்பதே இல்லை. பத்து வயதுக்குட்பட்டோர் என்று ஒரு பிரிவு. கணக்கு ஜனவரி 1. அந்தப் பிரிவில் ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் எதிரெதிரே உட்காருகிறார்கள். ஒன்பது வயதில் பதினோரு மாதம் என்பது வாழ்ந்த வாழ்க்கையில் பத்தில் ஒரு பங்கு. கனடாவின் ஐஸ் ஹாக்கியில் மேல்மட்ட இளைஞர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே குவிந்திருப்பதை 1985இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். பிறகு கால்பந்து உள்ளிட்ட பல விளையாட்டுகளில் அதே கதை. பெரிய பிள்ளை ஜெயிக்கும். ஜெயித்த பிள்ளை நிமிர்ந்து நடக்கும். நிமிர்ந்து நடப்பதை நாம் தன்னம்பிக்கை என்று எழுதுவோம். டிசம்பர்ப் பிள்ளை தயங்கும்; அதைக் கூச்ச சுபாவம் என்போம். பிறந்த தேதியைப் பார்க்காமல் குணத்தைப் பார்க்கிற கூத்து இது. நம் ஊரில் வயதுச் சான்றிதழில் நடக்கிற விளையாட்டுகளையும் சேர்த்தால் கேட்கவே வேண்டாம்.

சிறு வயது மட்டம் பெரியவர்களின் மட்டத்தைச் சொல்லுமா என்பதற்கும் ஒரு பெரிய கணக்கு வந்திருக்கிறது. ஜெர்மனியின் ஆர்னே குல்லிக்கும் அவருடைய சகாக்களும் 2021இல் வெளியிட்டது. 51 ஆய்வறிக்கைகள், 6,096 விளையாட்டு வீரர்கள், அவர்களில் 772 பேர் உலகின் முதல் வரிசையில் இருந்தவர்கள். பெரியவர்களாகி உச்சம் தொட்டவர்கள் சிறு வயதில் பல விளையாட்டுகளை ஆடியிருந்தார்கள், தங்கள் விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கினார்கள், ஆரம்பத்தில் மெதுவாகவே முன்னேறினார்கள். சிறுவர் பிரிவில் உச்சம் தொட்டவர்களோ சீக்கிரம் தொடங்கி, ஒன்றையே பிடித்து, வேகமாக ஏறியவர்கள். இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். சதுரங்கத்தை இதில் அப்படியே பொருத்த முடியாது. அது இளமையிலேயே தொடங்க வேண்டிய ஆட்டம், பெரிய பெயர்கள் பலவும் ஆறு, ஏழு வயதிலோ அதற்கு முன்போ தொடங்கியவைதான். ஓட்டம், நீச்சல், கூடைப்பந்து என்று பிள்ளையைச் சேர்த்திருப்பவர்கள் மட்டும் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள்.

நார்வேக்காரர்கள் இதை 1987லிருந்தே விதியாக வைத்திருக்கிறார்கள். 11 வயதுவரை குழந்தைகள் போட்டிகளில் தரவரிசைப் பட்டியல் போடக்கூடாது. 13 வயதுக்கு முன் தேசியச் சாம்பியன் போட்டி கிடையாது. பிள்ளைகள் சோம்பேறியாகிவிடவில்லை. 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் அந்தச் சின்ன நாடு 16 தங்கம் வென்றது. அதற்கு முன் எந்த நாடும் ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் அத்தனை வென்றதில்லை. நம் ஊரில் அதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, குடியரசு தினப் போட்டி, முதலமைச்சர் கோப்பை என்று சான்றிதழ் சேர்ப்பது இங்கே விளையாட்டு மட்டுமல்ல; கல்லூரி இடமும் வேலை ஒதுக்கீடும் அதில் தொங்குகின்றன. அந்தக் கவலையை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் ஒதுக்கீடு கேட்கிற வயது பதினேழு; எட்டு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இனி அந்த அம்மாவுக்கு. தேர்வுக்குக் கட்டுகிற பணத்தில் ஊருக்கு ஊர் போகிற பஸ் செலவைப் பாருங்கள். பிள்ளை தோற்று வெளியே வருகிற அந்த அரை மணி நேரத்தில் ஆட்டத்தைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம். சாப்பாட்டைக் கொடுங்கள், அழுதால் அழட்டும். சாயங்காலமோ மறுநாளோ அவளாகத் தாளை எடுத்து அந்த ஆட்டத்தைப் பலகையில் மறுபடி வைத்துப் பார்க்கிறாளா என்று மட்டும் தள்ளி நின்று கவனியுங்கள். பார்த்தால், பயிற்சியாளர் தேடுகிறது அதுதான். பார்க்கவில்லை என்றால் அவள் பத்து வயதுக் குழந்தை, அவ்வளவுதான். பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து, தவறவிட்ட நகர்வோடு அவள் சரியாகப் போட்ட முப்பது நகர்வுகளையும் காட்டட்டும். அந்தப் பயிற்சியாளரும் கெட்டவர் அல்ல. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாடி அறையில் வகுப்பு எடுக்கிறவருக்கு ஒரு வார்த்தையில் காரணம் தேவைப்படுகிறது. அடுத்த முறை அவரிடம் கேளுங்கள்: “டெம்பரமென்ட் இல்லைன்னா, எப்படிக் கொண்டுவரலாம் சார்?” அவரிடம் பதில் இருந்தால் பிள்ளையைத் தொடர்ந்து அனுப்புங்கள்.

பெண் பிள்ளை என்பதால் இன்னொன்று. நம் ஊர்களில் பதின்மூன்று, பதினான்கில் பெண் பிள்ளைகள் ஆட்டத்திலிருந்து காணாமல் போவதற்குக் காரணம் டெம்பரமென்ட் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். வெளியூர்ப் போட்டிக்கு யார் துணைக்குப் போவது, போட்டி நடக்கிற இடத்தில் கழிப்பறை இருக்கிறதா, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வருகிறதே: இந்த மூன்றும் தின்றுவிட்ட ஆட்டக்காரிகளை எந்தக் கேள்வித்தாளும் எண்ணவில்லை.

அதனால்தான் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜெயித்தவர்களின் பேட்டி எல்லாப் பத்திரிகையிலும் வருகிறது; நாமும் போடுகிறோம். வருகிற இதழ்களில் சில பக்கங்களை, ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போனவர்களுக்கு ஒதுக்கலாம் என்றிருக்கிறோம். மாவட்ட அளவிலோ மாநில அளவிலோ ஆடி, பதினைந்து பதினாறு வயதில் நிறுத்தியவரா நீங்கள்? என்ன ஆட்டம், எந்த ஊர், எதனால் நின்றது, உங்கள் குணத்தைப் பற்றி அப்போது யார் என்ன சொன்னார்கள், அது உங்களோடு இன்னும் இருக்கிறதா? இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். கையெழுத்தில் அனுப்பினாலும் சரி. பள்ளியின் பெயரோ பயிற்சியாளரின் பெயரோ வேண்டாம். உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றால் கடிதத்தின் தலைப்பிலேயே குறித்துவிடுங்கள், போடமாட்டோம். அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் வந்து சேர்ந்தால், அச்சுக்குப் போவதற்கு முன் படிக்க வசதியாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்